சர்வதேச நீதிமன்றத்துக்கு நம் கரை போக முடியுமா?

தங்கச்சிமடம்_கடலோடி

எங்கள் மீனவர் சங்கக் கூட்டத்தில் மறுபடியும் அதே பேச்சு. எல்லை தாண்டியதாக இலங்கை பிடித்துப் போன நம் படகுகளை அந்தப் பக்க நீதிமன்றம் அரசுடைமை ஆக்கிவிடுகிறது. ஆட்கள் எப்படியோ விடுதலையாகி வந்து விடுகிறார்கள். படகு மட்டும் அங்கேயே கிடந்து இற்றுப் போகிறது. வட்டிக்கு வாங்கிக் கட்டிய படகு அது. "மீன்வளத் துறையில் மனு, கலெக்டரிடம் மனு, டெல்லியில் மனு, எல்லாம் கொடுத்தாயிற்று. இனி சர்வதேச நீதிமன்றத்துக்கே போவோம்" என்று ஒரு பெரியவர் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். ஆனால் எந்த நீதிமன்றம், யார் போக வேண்டும், எந்தச் சட்டத்தில் போக வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இன்னொரு பக்கம், அந்த நீதிமன்றங்களே தள்ளாடுகின்றன என்று செய்தி வருகிறது. நீதிபதிகள் மேலேயே அமெரிக்கா தடை போட்டிருக்கிறது. உலக வர்த்தக அமைப்பில் மேல்முறையீடு கேட்க ஆளே இல்லையாம். சட்டம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும்.

கீழக்கரை_வக்கீல்

தம்பி, நீங்கள் கேட்பதில் மூன்று வெவ்வேறு இடங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, நெதர்லாந்தில் தி ஹேக் நகரில் இருக்கும் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம். அங்கே நாடுகள்தான் வழக்காடலாம். கச்சத்தீவு வழக்கை அங்கே கொண்டு போவோம் என்று மேடையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இன்றைய நிலையில் அது நடக்காது. அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று இந்தியா கொடுத்திருக்கும் உறுதிமொழியை 2019-இல் புதுப்பித்தார்கள். காமன்வெல்த் நாடுகளோடு வரும் தகராறுகள் அதற்குள் வராது என்று அதில் எழுதியிருக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு. 1999-இல் கட்ச் பக்கம் பாகிஸ்தான் கடற்படை விமானம் ஒன்றை இந்தியா சுட்டு வீழ்த்தியது. பாகிஸ்தான் தி ஹேக் போனது. இதே காமன்வெல்த் விலக்கைக் காட்டித்தான் 2000 ஜூனில் அந்த நீதிமன்றம் தனக்கு விசாரிக்க அதிகாரமில்லை என்று முடித்தது.

இரண்டாவது, அதே ஊரில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்குத் தனி மனிதர்களை விசாரிக்கும் இடம் அது. அமெரிக்கா தடை போட்டது இதன் நீதிபதிகள் மேல்தான். இந்தியாவும் இலங்கையும் இதில் உறுப்பினர் இல்லை. படகு விவகாரத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

மூன்றாவது, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருக்கும் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம். நமக்குக் கொஞ்சமாவது பொருத்தமானது இதுதான். 1982 கடல் சட்ட உடன்படிக்கையில் இலங்கையும் இந்தியாவும் சேர்ந்திருக்கின்றன. அதன் 73-ஆம் பிரிவு, பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் 200 கடல் மைல் வரை, மீன்வளம் கரையோர நாட்டுக்கு உரிய பகுதி) மீன்பிடிச் சட்டத்தை மீறியதற்காகப் பிடித்த படகையும் ஆட்களையும் நியாயமான பிணைத்தொகை கட்டியதும் உடனே விட வேண்டும் என்கிறது. இரு நாட்டுக்கும் இடையே வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சிறைத்தண்டனை கூடாது என்றும் சொல்கிறது. விடாவிட்டால் 292-ஆம் பிரிவில் பத்து நாள் கழித்து ஹாம்பர்க் போகலாம். இப்படிப் போன முதல் வழக்கு 1997-இல் 'சாய்கா' என்ற எண்ணெய்க் கப்பலுடையது. கப்பல் விடுதலையானது.

ஆனால் அங்கே போகும் உரிமை படகின் கொடி நாட்டுக்கு, அதாவது படகு பதிவாகியிருக்கும் நாட்டுக்கு மட்டும்தான். நமக்கு அது இந்தியா. இந்திய அரசு போகலாம், அல்லது அதன் அனுமதியோடு அதன் பெயரில் வேறு யாராவது போகலாம். உங்கள் சங்கம் தானாகப் போக முடியாது.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. 73-ஆம் பிரிவு பொருளாதார மண்டலத்துக்கு உரியது. நம் பாக் நீரிணையோ, 1974 இந்திய-இலங்கை எல்லை ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே வரலாற்று நீர்ப்பரப்பு என்று எழுதப்பட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது தன் உள்நாட்டு நீர், இந்தப் பிரிவு இங்கே செல்லாது என்று இலங்கை வாதிடும். மன்னார் வளைகுடாவில் கரையை விட்டு வெகுதூரம் தள்ளிப் பிடிபட்ட படகு என்றால் வாதம் மாறும்.

பாம்பன்_மரியான்

இத்தாலிக் கப்பலில் இருந்து சுட்டு நம் மீனவர் இரண்டு பேர் செத்த வழக்கு ஹாம்பர்க் போனதே வக்கீலய்யா. அது எப்படி?

கீழக்கரை_வக்கீல்

போனது இத்தாலி, மரியான். அதைக் கவனிக்க வேண்டும். 2012 பிப்ரவரியில் கேரளக் கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்சி' கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டார்கள். செத்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். தன் வீரர்களைக் காப்பாற்ற இத்தாலி 2015-இல் ஹாம்பர்க் போனது, பிறகு தி ஹேக்கில் நடுவர் மன்றம் கூடியது. 2020-இல் தீர்ப்பு வெளியானது. வீரர்கள் அரசுப் பணியில் இருந்ததால் அவர்களை விசாரிக்க இந்தியாவுக்கு அதிகாரமில்லை, ஆனால் இந்தியாவுக்கு நஷ்டஈடு உண்டு என்றார்கள். 10 கோடி ரூபாய் வந்தது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது. அந்த மன்றத்தில் வழக்காடியவை இரண்டு அரசுகள். செத்தவர்களின் குடும்பங்களுக்கு அங்கே இருக்கை கிடையாது.

நம்புதாளை_நாட்டுப்படகு

நான் வத்தையில் போகிறவன். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் விசைப்படகுகள் இழுக்கும் மடி கடலின் அடியையே வாரிக்கொண்டு வருகிறது. அந்தக் கரையில் வலை அறுந்து நிற்பவனும் தமிழன்தான். இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டே தடை செய்தது. நாம் உலக மன்றத்துக்குப் போனால் யாழ்ப்பாணத்து மீனவனும் தன் கிழிந்த வலையோடு அங்கே வருவான். அவனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்? அதை முதலில் சங்கத்தில் பேசுங்கள் அண்ணே.

தங்கச்சிமடம்_கடலோடி

பேச வேண்டியதுதான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் மடி தப்பு என்றால் அதற்கு அபராதம் போடட்டும். படகையே எடுத்துக்கொள்வது ஒரு குடும்பத்தைக் கடனில் புதைப்பது. இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

தேவிபட்டினம்_சட்டமாணவி

எல்லாரும் நாடுகளின் வழக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். மீனவர்கள் ஒரு சர்வதேச அமைப்பையே கூண்டில் ஏற்றிய வழக்கு ஒன்று இருக்கிறது. உலக அமைப்புகள் சந்திக்கும் சட்டச் சிக்கல் எது என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் வழக்குப் போட்டவர்கள் நம்மைப் போலக் கரையில் கருவாடு காய வைக்கிறவர்கள்.

குஜராத்தில் முந்த்ரா. அங்கே 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்ட, உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2008-இல் 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. நிலையம் வந்த பிறகு சூடான நீர் கடலில் கலக்கிறது, மீன் விலகிப் போகிறது, நிலத்தடி நீர் உப்பாகிறது, காய வைத்த மீனில் நிலக்கரித் தூசி படிகிறது என்பது அந்த மக்களின் புகார். 2011-இல் கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் போனார்கள். கழகம் தன் சொந்த விதிகளையே சரியாகப் பின்பற்றவில்லை என்று அந்தக் குறைதீர்ப்பாளர் 2013-இல் எழுதினார். எழுதினாரே தவிர, திருத்த உத்தரவிட அவருக்கு அதிகாரம் கிடையாது.

அப்புறம்தான் 2015-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு. கழகத்தின் தலைமையகம் வாஷிங்டனில் இருக்கிறது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும், சர்வதேச அமைப்புக்கு முழு விலக்குரிமை உண்டு, யாரும் வழக்குப் போட முடியாது என்றன. மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2019 பிப்ரவரி 27 அன்று ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு அவர்கள் பக்கம். 1945-ஆம் ஆண்டுச் சட்டப்படி சர்வதேச அமைப்புக்கு வெளிநாட்டு அரசுக்கு இருக்கும் அளவு விலக்கே உண்டு, வணிக நடவடிக்கை என்றால் வெளிநாட்டு அரசைப் போல அதுவும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றது. உலகத்தில் எத்தனையோ வங்கிகளும் அமைப்புகளும் அன்றைக்குத் தங்கள் வக்கீல்களைக் கூப்பிட்டிருக்கும்.

பாம்பன்_மரியான்

அப்போ ஜெயித்துவிட்டார்களா தங்கச்சி? நஷ்டஈடு வந்ததா?

தேவிபட்டினம்_சட்டமாணவி

வரவில்லை அண்ணே. வழக்கு கீழே திரும்பியது. அங்கே, புகாரின் அடிப்படை இந்தியாவில் நடந்த செயல், அமெரிக்காவில் நடந்த வணிகம் அல்ல, ஆகவே விலக்கு இன்னும் செல்லும் என்று 2020-இல் தள்ளுபடி செய்தார்கள். 2021-இல் மேல்முறையீடும் தோற்றது. 2022-இல் உச்ச நீதிமன்றம் திரும்ப எடுக்க மறுத்துவிட்டது. கடன் பத்திரம் வாஷிங்டனில், பாதிப்பு முந்த்ராவில். இப்படிப் பிரித்துப் பார்த்தால் எந்தக் கரையில் இருப்பவரும் ஜெயிக்கவே முடியாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கரீபியன் நாடான ஹைட்டியின் கதை இதை விட மோசம். 2010-இல் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவி, சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 1946 உடன்படிக்கை ஐ.நா.வுக்கு முழு விலக்கு கொடுக்கிறது. அதே உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு, தனியார் புகார்களைத் தீர்க்க ஐ.நா. ஏதாவது ஒரு வழி செய்து தர வேண்டும் என்றும் சொல்கிறது. வழி செய்யவில்லை. இந்தப் புகார்கள் ஏற்கத்தக்கவை அல்ல என்று 2013-இல் பதில் அனுப்பினார்கள். நியூயார்க் நீதிமன்றங்களும் 2016-இல் கதவை மூடின. அந்த வருடக் கடைசியில் பொதுச் செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார், 40 கோடி டாலர் திட்டம் அறிவித்தார். அதற்கான பணத்தை நாடுகள் விருப்பப்பட்டுக் கொடுக்க வேண்டும், அதில் சொற்பமே வந்து சேர்ந்தது.

தொண்டி_ஷேக்

சுனாமிக்குப் பிறகு ஒரு பன்னாட்டு நிவாரண அமைப்பின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தங்கச்சியின் கோபம் நியாயம். ஆனால் விலக்குரிமையே கூடாது என்று போய்விடக் கூடாது.

இந்த அமைப்புகளுக்குச் சொந்த நிலம் கிடையாது, சொந்தப் போலீஸ் கிடையாது. ஏதோ ஒரு நாட்டில் வாடகைக்கு இருப்பவர்களைப் போலத்தான். ஒவ்வொரு ஊர் நீதிமன்றமும் சம்மன் அனுப்பலாம், கணக்கை முடக்கலாம் என்றால், அரிசி கொண்டு போகும் லாரியைக் கூட உள்ளூர் அதிகாரி ஒருவர் வழக்குப் போட்டு நிறுத்திவிடுவார்.

பெரிய நாடு நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் குற்றவியல் நீதிமன்றத்தைப் பாருங்கள். இஸ்ரேல் பிரதமர் மேல் 2024 நவம்பரில் பிடியாணை போட்டார்கள். 2025-இல் தலைமை வழக்குத் தொடுநர் மேலும் நீதிபதிகள் பலர் மேலும் அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டது. சொத்து முடக்கம், அமெரிக்கா போகத் தடை, அமெரிக்க நிறுவனங்கள் அவர்களுக்குச் சேவை தரக் கூடாது. இன்றைக்கு வங்கி அட்டையும் மின்னஞ்சலும் அமெரிக்க நிறுவனங்கள் கையில் இருக்கும்போது ஒரு நீதிபதியின் அன்றாட வாழ்க்கையே நின்றுபோகும். அதே வருடம் ஹங்கேரி விலகுவதாக அறிவித்தது. கேடயம் இல்லாத அமைப்பை வலியவன் முதலில் உடைப்பான், ஏழைக்கு அதனால் லாபம் இல்லை.

எனக்குச் சரியாகப் படுவது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999-இல் சொன்னது. ஊழியர் இருவர் தொடுத்த வழக்கில், அமைப்புக்கு விலக்கு கொடுக்கலாமா என்று பார்க்கும்போது பாதிக்கப்பட்டவருக்கு நியாயமான மாற்று வழி இருக்கிறதா என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. ஐ.நா. ஊழியர்களுக்கு 2009 முதல் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. சம்பளத் தகராறு என்றால் அங்கே போகலாம். வெளியே நின்று பாதிக்கப்பட்ட ஹைட்டிக்காரருக்கு அப்படி ஒரு இடம் இல்லை. அதைக் கட்டச் சொல்லித்தான் போராட வேண்டும்.

தேவிபட்டினம்_சட்டமாணவி

ஷேக் காக்கா, மாற்று வழி இல்லாவிட்டால் விலக்கும் இல்லை என்று எல்லா நீதிமன்றமும் சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொள்வேன். போஸ்னியாவில் 1995-இல் ஐ.நா. படையின் பாதுகாப்பில் இருந்த ஸ்ரெப்ரெனிட்சா ஊரில் நடந்த படுகொலை பற்றிய தாய்மார்கள் வழக்கில் அதே ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல், மாற்று வழி இல்லாவிட்டாலும் ஐ.நா.வின் விலக்கு நிற்கும் என்று சொன்னது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் அவர்கள். ஆக, 1999-இல் சொன்னதற்கு ஐ.நா. மட்டும் விதிவிலக்காகிவிட்டது.

மண்டபம்_கலா

பெரிய விஷயங்களாகப் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு கேள்வி. நான் பாசி எடுக்கப் போகிறவள், வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். டீசல் மானியத்தையும் தடைக்கால நிவாரணத்தையும் உலக வர்த்தக அமைப்பு நிறுத்தப் போகிறது என்று ஊரில் பேச்சு. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் அடுப்பு எரிவதே அந்தப் பணத்தில். உண்மையா?

கீழக்கரை_வக்கீல்

இப்போதைக்கு இல்லை, கலாம்மா. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கூட்டத்தில் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

2022 ஜூன் 17 அன்று ஜெனிவாவில் மீன்பிடி மானிய ஒப்பந்தம் முடிவானது. 111 நாடுகள் ஏற்க வேண்டும் என்று விதி. அந்த எண்ணிக்கை சேர்ந்து 2025 செப்டம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. இந்தியா இதுவரை ஏற்கவில்லை. ஏற்காத நாட்டை அது கட்டுப்படுத்தாது. இப்போது அமலில் இருக்கும் பகுதி மூன்று வகை மானியத்தைத்தான் தடுக்கிறது: சட்டவிரோத மீன்பிடிக்குப் போவது, அளவுக்கு மீறிப் பிடித்து அழிந்து வரும் மீன்வளத்துக்குப் போவது, யாருடைய மேலாண்மையும் இல்லாத ஆழ்கடலில் பிடிப்பதற்குப் போவது. கடலுக்குப் போகாமல் இருப்பதற்காகத் தரும் தடைக்காலப் பணம் இவற்றில் எதிலும் வராது. டீசல் மானியம் போன்றவற்றை நேரடியாகத் தொடும் அடுத்த பகுதி இன்னும் பேச்சுவார்த்தையிலேயே நிற்கிறது. அதில் இந்தியா, வளரும் நாடுகளுக்கு 25 வருட அவகாசம் கேட்கிறது. பல பத்தாண்டுகளாகப் பெரிய கப்பல்களுக்கு மானியம் கொட்டிக் கடலைக் காலி செய்த நாடுகளும் வல்லம் ஓட்டுகிறவரும் ஒரே தட்டில் நிற்க முடியாது என்பது நம் தரப்பு வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு.

ஆனால் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு இருக்கிறது. தன் கடலில் ஒரு படகு சட்டவிரோதமாக மீன்பிடித்தது என்று கரையோர நாடு முறைப்படி முடிவு செய்தால், அந்தப் படகுக்கு மானியம் தருவதை அதன் சொந்த நாடு நிறுத்த வேண்டும். நாளைக்கு இரு நாடும் இதற்குள் இருக்கும் நிலை வந்தால், எல்லை தாண்டிப் பிடிபட்ட படகுக்கு இங்கே டீசல் மானியம் போகலாம். யாழ்ப்பாணப் பக்கம் ஊர்க்காவற்துறை நீதிமன்றத்தில் போடும் ஒரு கையெழுத்தின் விளைவு ராமேஸ்வரம் டீசல் பங்கில் தெரியும். இந்தியா கையெழுத்திடும் முன்பே நம் சங்கங்கள் டெல்லியில் பேச வேண்டியது இதைத்தான்.

மேல்முறையீட்டு விஷயம்: அந்த அமைப்பின் மேல்முறையீட்டு மன்றத்தில் ஏழு பேர் இருக்க வேண்டும். புது ஆட்களை நியமிக்க அமெரிக்கா ஒத்துக்கொள்ளவில்லை. 2019 டிசம்பரில் வழக்குக் கேட்கத் தேவையான மூன்று பேர் கூட இல்லாமல் போனது. இன்றைக்கு யாரும் இல்லை. தோற்ற நாடு மேல்முறையீடு போட்டுவிட்டால் வழக்கு அப்படியே தொங்கும். சர்க்கரை மானிய வழக்கில் தோற்ற இந்தியா 2022 ஜனவரியில் போட்ட மேல்முறையீடும் அப்படித்தான் கிடக்கிறது. இன்றைக்கு அது நம் கரும்பு விவசாயிக்கு உதவுகிறது. நாளைக்கு நம் இறாலுக்கு வேறு நாடு அநியாய வரி போட்டால், அவர்களும் இதே வழியில் தப்பிப்பார்கள்.

மண்டபம்_கலா

நன்றி அய்யா. பெண்கள் குழுவில் இதைச் சொல்கிறேன். பயந்து போய் இருந்தார்கள்.

தங்கச்சிமடம்_கடலோடி

சரி, அரசு மனசு வைத்தால்தான் உண்டு என்று புரிகிறது. மீனவன் தானே நேராகக் கதவைத் தட்டும் இடம் ஒன்று கூட இல்லையா?

தேவிபட்டினம்_சட்டமாணவி

இருக்கிறது அண்ணே. ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைக் குழு. தனி மனிதர் புகார் கொடுக்கலாம் என்ற விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை, ஆனால் இலங்கை 1997-இல் சேர்ந்தது. அதனால் இலங்கைச் சிறையில் இருந்த நம் மீனவர், இலங்கைக்கு எதிராக அங்கே புகார் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. முதலில் அந்த நாட்டு மேல்முறையீடுகளை முடித்திருக்க வேண்டும்.

இதில் ஒரு பெரிய தடை. சிங்கராசா என்ற தமிழர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டனை பெற்றவர். அவர் அந்தக் குழுவுக்குப் போனார், 2004-இல் குழு அவர் பக்கம் கருத்துச் சொன்னது. அதைக் காட்டி இலங்கை உச்ச நீதிமன்றத்தில் நின்றபோது, நெறிமுறையில் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2006-இல் தீர்ப்பு வந்தது. சர்வதேசக் கடமை வெளியே இருக்கிறது, உள்ளே அதற்கு உயிர் இல்லை.

உள்நாட்டு வழிகளை முடிக்காமலே போகக்கூடிய இன்னொரு இடம், தன்னிச்சையான தடுப்புக்காவல் பற்றிய ஐ.நா. பணிக்குழு. அதன் கருத்தும் கட்டளை ஆகாது. ஆனால் அரசுக்குக் கடிதம் போகும், அரசு பதில் எழுத வேண்டி வரும், எல்லாம் பதிவில் நிற்கும்.

நம்புதாளை_நாட்டுப்படகு

சென்னையில் வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஒரு அலுவலகம் இருக்கிறதே, அதில் இரண்டு நாடும் உறுப்பினர் என்று கேள்விப்பட்டேன்.

கீழக்கரை_வக்கீல்

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. 1979-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் திட்டமாகத் தொடங்கியது. 2003 முதல் இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு சேர்ந்த அரசுகளுக்கிடையிலான அமைப்பு. வழக்கு கேட்கும் இடமல்ல, சிறு மீனவர்களுக்கான ஆலோசனை அமைப்பு. ஆனால் இரு கரை மீனவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து மடி விவகாரத்தைப் பேச, ஹாம்பர்க்கை விட இது அருகில் இருக்கிறது. நீங்கள் முதலில் எழுப்பிய கேள்விக்கு அங்கேதான் பதில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

தங்கச்சிமடம்_கடலோடி

அப்படியானால் தீர்மானத்தில் மூன்றை எழுதப் போகிறேன். மன்னார் வளைகுடாவில் கரைக்கு வெகுதூரத்தில் பிடிபட்ட படகுகளுக்காவது 73-ஆம் பிரிவின்படி பிணை கேட்டு இந்தியா பேச வேண்டும், மறுத்தால் ஹாம்பர்க் போக வேண்டும். மானிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கரையோரச் சங்கங்களைக் கேட்க வேண்டும். மடி பற்றி அந்தக் கரையோடு பேச்சை மறுபடி தொடங்க வேண்டும். வக்கீலண்ணே, கூட்டம் ஞாயிறு பூசை முடிந்ததும். நீங்கள் வர முடியுமா? என்ன காகிதங்கள் எடுத்து வைக்கட்டும்?

கீழக்கரை_வக்கீல்

வருகிறேன் தம்பி. பிடிபட்ட ஒவ்வொரு படகுக்கும் பதிவுச் சான்று, அன்றைக்குக் கடலுக்குப் போக வாங்கிய டோக்கன், ஜி.பி.எஸ். கருவியில் பதிவு மிச்சமிருந்தால் அது, அந்தப் பக்க நீதிமன்றத்தின் உத்தரவு நகல். வடக்கு மாகாண நீதிமன்றங்களில் வழக்கு தமிழிலேயே நடப்பதால் நகலை நீங்களே படித்துப் பார்க்கலாம். எந்த இடத்தில் பிடித்ததாக அதில் எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பாக் நீரிணையா, மன்னார் வளைகுடாவா, கரையிலிருந்து எத்தனை கடல் மைல். அதை வைத்துப் படகுகளை இரண்டாகப் பிரித்து வையுங்கள்.